நாற்பத்திரண்டு அடுப்புகள்

1912 ஜூன் 3, திங்கள்

பாளையங்கோட்டை அச்சுக்கூடத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. இருநூறு தாள். ‘புதுவெள்ளக் காலத்தில் நோயாளிகளும் வீட்டாரும் கவனிக்க வேண்டியவை’ என்று தலைப்பு. ஆறு விதிகள். ஆறையும் நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை. நானே வாசித்து நானே மெச்சிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படியும் ஒரு சந்தோஷம்.

கால்வாயில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. மலையில் மழை பிடித்துவிட்டது என்கிறார்கள். ஒரு வாரத்தில் சிவந்த தண்ணீர் மேலப்பாளையத்துக்குள் வரும். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த கால்வாயின் அசிங்கம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும். அதைக் குடத்தில் மொண்டு, மண் அடியில் தங்கியதும் அப்படியே குடிப்பார்கள். எங்கள் பெண்கள் மருந்துச்சாலை இருக்கிற கால்வாய்க்கரைத் தெருவில் சென்ற வருஷம் மூன்றே வாரத்தில் பதினொரு பேர் பேதியில் போனார்கள். மொத்தமே நாற்பத்திரண்டு வீடு. அந்தப் பதினொரு பேரில் நால்வர் என் கண் முன்னால்.

இந்த வருஷம் இந்தத் தெருவில் ஒருவரும் போகக் கூடாது. மருத்துவம் படித்தவள் இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஜூன் 5, புதன்

சாரம்மாள் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்து முடித்தாள். (எனக்குக் கம்பவுண்டர், சமையல், வண்டியில் வழித்துணை எல்லாம் அவள்தான்.) மருந்து வாங்க வந்தவர்களிடம் இன்று விசாரித்தேன். எல்லா வீட்டிலும் பத்திரமாக இருக்கிறதாம். கூரைக்கடியில், இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்களாம். வாசித்தவர் ஒருவர்கூட இல்லை.

இந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழைத்தான். ஒன்பது வருஷமாக இங்கே வந்து போகிறேன். நோட்டீஸ் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. பிழை பார்ப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க ஆபிதா பீவி வந்தாள். இந்தத் தெருவில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சந்தனக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய் அழைப்புச் சொல்கிறவள் அவள். அவள் வந்து சொல்லாத விசேஷத்துக்கு ஒருவரும் போக மாட்டார்கள். நோட்டீஸ் கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். வெகு நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“காயிதம் தூரத்து ஊருக்கு டாக்டரம்மா. அடுத்த வீட்டுக்குக் காயிதம் அனுப்பினா, வராதேன்னு சொல்லுத மாதிரி.”

அப்படியானால் நீதான் போய்ச் சொல்லேன் என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். அவள் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். விசேஷம் இல்லாமல் அழைக்க முடியாது, நாளும் நேரமும் வேண்டும் என்றாள். தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு என்ன நாள், நேரம்? கடைசியில் அவளே குறித்தாள்: வருகிற வியாழன், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, தெரு முழுவதும் ஒரே நேரத்தில் முதல் பானை ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு தினமும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இருநூறு தாளிலும் இப்போது நம்பிக்கை இல்லை.

ஜூன் 8, சனி

ஆபிதா பீவி நேற்றும் இன்றும் அழைத்து முடித்தாள். சாரம்மாள் பாதித் தெரு வரை கூடவே போய்க் கேட்டுவிட்டு வந்து நடித்துக் காட்டினாள். என் ஆறு விதிகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. தண்ணீர் ‘தளதளன்னு’ கொதிக்க வேண்டும். கொதித்த பானைக்குள் கை போகக் கூடாது, அகப்பைதான் போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் மற்ற நான்கும் அலங்காரம்தான்.

முடிவில் ஒவ்வொரு வாசலிலும் சந்தனம் பூசி, கற்கண்டு கொடுத்து, “இது டாக்டரம்மா வீட்டு விசேஷம், நீங்கதான் நடத்திக் குடுக்கணும்” என்றிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவள் நான்; என் வீட்டில் இதுவரை யாரையும் அழைக்க ஒரு விசேஷமும் வந்ததில்லை. முதல் விசேஷம் கொதிநீருக்கு.

ஜூன் 10, திங்கள்

கால்வாய் திறந்துவிட்டார்கள். செம்மண் நிறம். தெருவே வாசலில் நின்று பார்த்தது, பண்டிகை மாதிரி.

ஜூன் 13, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

அஸர் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நானும் சாரம்மாளும் மருந்துச்சாலை மாடியில் நின்றோம். நான் எதிர்பார்த்தது இதைத்தான் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். கிழக்குக் கோடியில் ஒரு புகை எழுந்தது. பிறகு அதற்கு எதிர்வீட்டில். பிறகு எண்ண முடியவில்லை. சமையல் நேரமே இல்லாத நேரத்தில் ஓட்டு இடுக்குகளிலிருந்தெல்லாம் புகை வந்து தெருவுக்கு மேலே ஒரே விரிப்பாக நின்றது. தறிச்சத்தம் நின்றுவிட்டது. நெய்துகொண்டிருந்த ஆண்கள் வெளியே வந்து இருமிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஆண்கள் யாரிடமும் சொல்லாமல் பெண்கள் நடத்திய காரியம். சாரம்மாள் கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தமாக.

பிறகு எண்ணினேன். என் புத்தி அப்படி. நாற்பத்தொன்று.

மேற்கே ஆறாவது வீட்டில் புகை இல்லை. ஆசியா உம்மாள் வீடு. அவளுடைய மருமகள் கமர் நிஷா என் நோயாளி, தலைப்பிரசவம், ஏழு மாதம் முடிந்திருக்கிறது. அந்த உடம்பில் பேதி கண்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. சென்ற வருஷம் முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஆபிதா பீவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவள் சொல்லவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, கிண்ணத்தில் சந்தனம் காய்ந்திருக்கிறது, எங்களைக் கடைசியாக வைத்தாயா என்று ஆசியா உம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாளாம். அன்றிலிருந்து அந்த வாசல் ஏறுவதில்லை.

“பானையை ஏத்த ஒருத்தி சொல்லவா வேணும், கண் இல்லையா” என்று கத்திவிட்டேன். நான் கத்துவதில்லை. அவள் அமைதியாகச் சொன்னாள்: “கூப்பிடாத விசேஷத்தை அவ எப்பிடிச் செய்வா டாக்டரம்மா? தெரு சிரிக்காதா?”

இப்போது போய்ச் சொல்லேன் என்றேன். இனி அழைப்புக்காரி போனால் அது இன்னும் அவமானம், விட்டுப்போன வீட்டுக்கு விசேஷ வீட்டுக்காரிதான் நேரில் போக வேண்டும் என்றாள். அதாவது நான்.

ஜூன் 15, சனி

மேலத்தெருவில் இரண்டு பேருக்குப் பேதி. அந்தத் தெரு எங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி இருக்கிறது. அதே கால்வாய், அதே படித்துறை. ஒரு கிழவர் மாலைக்குள் போய்விட்டார்.

ஆசியா உம்மாள் வீட்டு வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். அழைப்பென்றால் சந்தனம் வேண்டும். வெறுங்கையோடு என்னவென்று போவது?

இல்லை, அது சாக்கு. பயம்தான்.

ஜூன் 16, ஞாயிறு

எங்கள் சபைக் கோயிலில் பிரசங்கம் காதில் விழவில்லை. மெட்ராசில், அறுபது ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கப் பிணத்தை அறுத்தவள் நான். கத்தி பிசகவில்லை. ஒரு வீட்டுக்குள் போய் ‘வாருங்கள்’ என்று சொல்லப் பயப்படுகிறேன். வேண்டாம் என்று யாராவது சொல்லக்கூடிய இடத்தில் நான் இதுவரை நின்றதே இல்லையோ? நோயாளிகள்தான் என்னிடம் வருகிறார்கள்.

சாரம்மாளிடம் சந்தனம் அரைக்கச் சொன்னேன். ஏனென்று கேட்காமல் அரைக்கப் போனாள்.

ஜூன் 17, திங்கள்

போனேன்.

சந்தனம் காய்ந்துவிடக் கூடாதென்று வண்டியிலேயே ஈரத்துணியால் மூடிக்கொண்டு போனேன். ஆசியா உம்மாள் பாய் விரித்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், தொடவில்லை. கதவுக்குப் பின்னால் கமர் நிஷா நிற்பது தெரிந்தது.

“எங்க வீடு எத்தனையாவது வீடு?” என்று கேட்டாள்.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆபிதா பீவி சொல்லித் தந்திருந்தாள்: மரியாதையில் நீங்கள்தான் முதல் வீடு, நிறைவுக்காகத்தான் முடிவில் வந்தோம், இப்படி ஏதோ. எனக்கு வாயில் வரவில்லை.

“கடைசி வீடு. நாப்பத்திரெண்டாவது. விட்டுப்போச்சு. தப்பு எங்க மேலதான்” என்றேன்.

அவள் வெற்றிலையை மடித்து முடித்தாள்.

“முத வீடுன்னு சொல்லியிருந்தா கிண்ணத்தோட அனுப்பியிருப்பேன்” என்றாள். கழுத்தை நீட்டினாள். பூசினேன். எங்கே பூசுவதென்று தெரியாமல் காது வரை பூசிவிட்டேன். அவளே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு ஒரு கேள்வி. “விசேஷ வீட்டுக்காரி நீங்க. உங்க கையால அடுப்பு மூட்டினியளா?”

எங்கள் வீட்டில் தினமும் தண்ணீர் கொதிக்கிறது, ஆனால் கொதிக்க வைப்பது சாரம்மாள். எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாயிற்று, அதையும் சொன்னேன்.

“ஏ கமரு, இங்கன வா. பட்டணத்துல போயி அம்புட்டுப் படிச்சவுகளுக்கு ஊதாங்குழல் பிடிக்கத் தெரியாதாம்.”

கமர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள். தென்னம்பாளையை எங்கே வைப்பது, எப்போது ஊதுவது, எப்போது நிறுத்துவது. மூன்று முறை அணைந்தது. “பைய ஊதுங்க, தீ என்ன ஒங்களுக்குக் கடன்காரனா” என்றாள் ஆசியா உம்மாள். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. கண்ணெல்லாம் நீர். பானை தளதளவென்று கொதிக்கும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம். வெளியே வந்தால் புகையைப் பார்த்துவிட்டுப் பாதித் தெரு வாசலில் நிற்கிறது. என் மூக்கில் கரி இருந்ததாம். ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன்.

ஜூன் 20, வியாழன்

மேலத்தெருவில் ஐந்து. நம் தெருவில் இல்லை.

‘நம் தெரு’ என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

ஜூன் 22, சனி

மேலத்தெருவில் ஏழு, இறந்தவர் நால்வர். அங்கிருந்து மூன்று பெண்கள் வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை, நாங்கள் மனிதர் இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் கணக்கில் ஒரு தெருதான் இருந்தது. நான் பார்த்த சாவுகளின் தெரு. ஆபிதா பீவியைத் தேடி நானே போனேன். மூட்டு வலியோடு ஏற்கெனவே கிளம்பியிருந்தாள். அவளுக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் ஆசியா உம்மாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் நடந்தார்கள்.

ஜூன் 27, வியாழன்

நண்பகலில் ஆள் வந்தது: கமர் நிஷாவுக்கு வாந்தி. உப்பும் மருந்துப்பெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது சரியான சொல், தெரு பார்த்தது. அந்த ஐம்பது அடியில் நான் நினைத்தவற்றை எழுத மாட்டேன்.

நாடி நன்றாக இருந்தது. தோல் வறளவில்லை. வயிற்றுப்போக்கு இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தலை குனிந்தாள். மாமியார் மூலையைக் காட்டினாள். செங்கோட்டையிலிருந்து வந்த பலாப்பழம், முக்கால்வாசி இல்லை. “ஒத்த ஆளா” என்றாள் ஆசியா உம்மாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஆறவைத்த கொதிநீர் கொடுத்தார்கள். அகப்பையால் மொண்டு.

ஜூலை 6, சனி

மேலத்தெருவில் பத்து நாளாகப் புதிதாக யாருக்கும் இல்லை. அங்கே போனவர்கள் ஆறு பேர். நம் தெருவில் ஒருவரும் இல்லை. அழைப்பினால்தான் நின்றதா, தானாகவே தணிந்ததா? ஒரு தெருவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மெட்ராசில் என் ஆசிரியர் சிரிப்பார். ஆபிதா பீவியிடம் இதைச் சொன்னேன். “ரெண்டு தெருவுல்லா” என்றாள்.

ஜூலை 26, வெள்ளி

காலை முழுவதும் ஒரே நோயாளி, பல்வலி. கிராம்புத் தைலம் தடவி அனுப்பினேன். பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். சாரம்மாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நான் நோயாளிகள் படுக்கிற பெஞ்சில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அதுவரை யாரும் கதவைத் தட்டவில்லை.