ஐஸ் பெட்டியில் வைத்த ஊசி மருந்து

எங்கே போனாலும் கூடவே வருகிற என் இந்தும்மாவுக்கு,

வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்கு ஒரு தாள் அச்சடிப்போம். மேலே உன் படம், கீழே நாலு வரி, கடைசியில் குடும்பத்தார் பெயர். தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்போம். அந்த நாலு வரியை எழுதுவது நம் மகள் இந்துதான். ஐந்தாவது வருஷமான இந்தத் தடவை நான் எழுதுகிறேன். நாலு வரியில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்துவுக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. கொட்டகலை பஸ்ஸில் போய் வருகிறாள், சேலை கட்டிக்கொண்டு. முன்னால் நடந்துபோனால் நீ போவது போலவே இருக்கிறது. நம் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். ஒழுக்கு நின்றது, மழைச் சத்தம் கூடிவிட்டது. எனக்கும் சீனி வியாதி வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காமல் ஆறு மாதமாக ஊசிதான். போகிறவள் உன் வியாதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? அதை மட்டும் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

காலையில் ஊசிக்குள் மருந்தை உறிஞ்சி வயிற்றுச் சதையைப் பிடிக்கும்போது பக்கத்தில் நீ நிற்கிறாய். நிற்கிறது போல என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, நிற்கிறாய். ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறாய். "நான் தொடலங்க." தினமும் அதே வார்த்தை. முன்பெல்லாம் என் மனப்பிராந்தி என்று விட்டுவிடுவேன். போன மாதத்திலிருந்து அப்படி விட முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உன்னைத் தகனம் செய்த காவிரிக்கரையைப் பார்க்க வேண்டும் என்று இந்து பிடிவாதம் பிடித்தாள். நீயும் நானும் அங்கே கல்யாணத்துக்குப் போனபோது அவளுக்குப் பரீட்சை, நம்மோடு வரவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பிள்ளை கேட்கும்போது மறுக்க முடியுமா? கடல் தாண்டித் திருச்சிக்கு டிக்கெட் போட்டோம், பயணம் இனிமேல்தான். ஊசி மருந்தோடு விமானம் ஏற டாக்டர் கடிதம் வேண்டுமென்று, இரண்டு பேருமாகக் கிளினிக்குக்குப் போனோம். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் மிஸ் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ராகலைப் பக்கத்துப் பிள்ளை, பொறுமையானவர்.

"ஐயா, மருந்து, ஊசி, சீனி பாக்குற மெஷின் எல்லாத்தையும் கையில கொண்டுபோற பேக்லயே வைங்க. பெரிய பெட்டியில போட்டு அனுப்பிறாதீங்க. அது பிளேனுக்கு அடியில போகும். அங்க குளிர்ல மருந்து கெட்டுப்போகலாம். பெட்டியே வந்து சேராட்டி என்ன செய்வீங்க?"

"ஊசியப் பாத்துட்டு ஏர்போட்ல பிடிச்சு வைக்க மாட்டாங்களா மிஸ்?"

"நீங்களே முன்னுக்குச் சொல்லிருங்க. இந்தக் கடிதத்தக் காட்டுங்க. மருந்துப் பெட்டியில உங்க பேர் எழுதி ஒட்டியிருக்குல்ல, அதப் பிச்சிறாதீங்க. ஐஸ் வைக்கிறதுன்னா துணியில சுத்தி வைங்க, மருந்துல படக்கூடாது. உறைஞ்ச மருந்த தூக்கி எறிஞ்சிரணும். திரும்ப உருகினாலும் போடக்கூடாது."

"போட்டா?"

"போட்டாலும் போடாத மாதிரிதான் ஐயா. சீனி ஏறிக்கிட்டே போகும்."

இந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டாள். கிளினிக்கில் கூட்டம், காற்று இல்லை என்றேன். வெளியே நல்ல குளிர்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நம் லயத்தில் ஃப்ரிட்ஜ் ஏது? தண்ணீர்ச் சட்டிக்குள் டம்ளரை வைத்து, அதற்குள் உன் மருந்துப் போத்தலை வைத்தால் போதும் என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். நம் ஊர்க் குளிருக்கு அதுவே சரியாக இருந்தது. திருச்சியில் என் மாமன் மகனுக்குக் கல்யாணம் என்றதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்று நானே முடிவுகட்டினேன். டிஸ்பென்சரியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து வாட்டியவனுக்குச் சூடும் குளிரும் இன்னொருவன் சொல்லித் தெரிய வேண்டுமா என்ற திமிர்.

பஸாரில் ஐஸ்கிரீம் விற்கிற முதலாளியிடம் சொல்லி, புறப்படுவதற்கு முதல் நாளே மூன்று போத்தலையும் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தேன். மறுநாள் எடுத்தபோது கல்லாக இருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டுவந்து உன் கையில் வைத்து, "இனி திருச்சி வரைக்கும் தாங்கும்" என்றேன். நீ அதைத் தடவிப் பார்த்தாய். "மருந்து இவ்வளவு இறுகலாமாங்க?" என்று கேட்டாய். "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்றேன்.

அது போதாதென்று, ஊசியைக் கண்டால் போதைமருந்துக்காரன் என்று பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் திணித்து, பெரிய பெட்டியின் அடியில் உன் சேலைகளுக்கு நடுவே ஒளித்து அனுப்பினேன். அங்கே இறங்கித் திறந்தபோது எல்லாம் உருகியிருந்தது. உள்ளே துணுக்குத் துணுக்காக ஏதோ மிதந்தது. குலுக்கினேன், கொஞ்சம் கரைந்தது. உனக்குக் கண் தெளிவில்லாததால் எப்போதும் நான்தானே போட்டுவிடுவேன்? அங்கேயும் நான்தான் போட்டேன். காலையும் மாலையும், ஒரு வேளை தப்பாமல்.

மூன்றாம் நாள் நீ தண்ணீர் தண்ணீர் என்று தவித்தாய். நாலாம் நாள் வாந்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "ஊசி ஒழுங்காப் போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "நானே போட்டேன் டாக்டர்" என்றேன். உண்மைதானே. அவருக்கும் குழப்பம். அப்படியென்றால் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அந்த வார்டில் அத்தனை பேருக்கு முன்னால் நான் உன் பக்கம் திரும்பினேன்.

"கல்யாண வீட்டுல ஒளிச்சு ஒளிச்சு எத்தன ஜாங்கிரி தின்ன? சொல்லித் தொல."

"சத்தியமா நான் தொடலங்க."

"பொய் சொல்லாத."

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கோபமா, மூச்சுக்கே தெம்பில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் போய்விட்டாய்.

ஊருக்கு உன்னைக் கொண்டுவர முடியவில்லை. கதையைத்தான் கொண்டுவந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "வாயக் கட்ட முடியல அவளுக்கு." கோவிலில் சொன்னேன், பக்டரியில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம்கூடச் சொன்னேன். இன்று நம் தோட்டத்தில் பிள்ளைகள் இனிப்புக்கு அடம்பிடித்தால் உன் பெயரைச் சொல்லித்தான் அதட்டுகிறார்கள். நான் கேட்டிருக்கிறேன். கேட்டும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். இந்து ஐந்து வருஷமாக இனிப்பைக் கையால் தொடுவதில்லை. தீபாவளிக்கு நம் அடுப்பில் முறுக்கு மட்டும்தான். ஒருநாள் அவள் சிநேகிதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கம்மாவுக்கு என்னைவிட ஜாங்கிரிதான் பெருசாப் போச்சு." அழுதுகொண்டு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போல.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று சொல்லிவிடத்தான் இருந்தேன். அதற்குள் இந்து முந்திக்கொண்டாள். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நமக்கு முதல்லயே இது தெரிஞ்சிருந்தா அம்மாவோட மருந்தையும் கையிலயே கொண்டுபோயிருக்கலாம்ல?" என்றாள். அவளுக்கு ஐஸ் பெட்டிக் கதை தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும் அந்த முதலாளியும்தான். நீ இல்லை, அவருக்கு மறந்திருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் போதும், என் பிள்ளை என்னை அப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். இந்த நினைப்பு எனக்கு வந்தது இந்தும்மா, மறைக்கவில்லை. வந்ததும் ஒரு தடவை மட்டும் இல்லை. அவளும் போய்விட்டால் இந்தத் தகரத்துக்கடியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் காலையில் நீ வந்து நிற்கிறாயே. திட்டவாவது செய்யலாம். அதே குரலில் அதே வார்த்தை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. தெரியாமல் செய்தது மருந்து. அதற்கு நீ என்னை மன்னிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். நம்பாமல் போனது தெரிந்தே செய்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்க வாயில்லை.

வாயால் ஊரெல்லாம் பரப்பினேன். ஊரெல்லாம் படிக்கிற தாளில் இதை எழுதுகிறேன். என் சரோஜா அந்தக் கல்யாண வீட்டில் ஒரு இனிப்பும் தொடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குப் போட்ட மருந்தைக் கெடுத்தவன் நான்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்துப் பிழை பார்ப்பது எப்போதும் இந்துதான். நாளைக்குக் காலை பள்ளிக்கூடம் இல்லை. இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம். பிறகு அவள் என்னோடு விமானம் ஏறினாலும் சரி, தனியாகப் போய் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாலும் சரி.

அவள் இனி எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியாத,
இந்து அப்பா