படுத்திருப்பவர்களின் பெயர்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த உங்கள் வரைபடத்தைக் கழற்றினேன், ஃபாதர். பல் விளக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, ஆணியோடு பிடுங்கினேன். பத்தாம் வகுப்பில் வரலாற்றில் முதலாவதாக வந்ததற்கு நீங்கள் கையால் வரைந்து கொடுத்த பால்கன் மலைநாடுகளின் படம். சித்தூரில் மாங்கூழ் கம்பெனி வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ வாடகை வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதைத் துணிமூட்டைக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனேன். இப்போது தரையில் குப்புறக் கிடக்கிறது.

நேற்று தாசில்தாரின் எம்.ஆர்.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தேன். விஜயபுரத்துப் பக்கம் எங்கள் ஊர் இடுகாட்டைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் போகிறார்கள். அது வெறும் புறம்போக்கு, பழைய இடுகாடு என்பதற்கு ஆதாரமில்லை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அங்கிருந்த கிளார்க் தெலுங்கு கலந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினார்.

"நாங்களா எதுவும் எழுதல மேடம். உங்க ஸ்கூல் ஃபாதர் போட்ட புக்குலயே இருக்குது. இந்த ஜனங்க மிஷன் வந்தப்புறம் குடியேறினவங்க, முன்னோர் ஞாபகம் இல்லாதவங்கன்னு. அவரு பெரிய ஹிஸ்டாரியன் கதா?"

பக்கத்தையும் பிரித்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வியாழக்கிழமை விசாரணை. அங்க யார் யாரைப் பொதைச்சிருக்குதுன்னு ஒருத்தர் எழுந்து பேர் பேரா சொன்னா எழுதிக்குவோம். இல்லேன்னா இந்த புக்குதான் சாட்சி" என்றார்.

செத்துப் போயும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் நீங்கள்.

இங்கே வருவதற்கு முன் உங்கள் மலைகளில் பள்ளிக்கூடம் நடத்தியதைப் பற்றி வகுப்பில் அடிக்கடி சொல்வீர்கள். ஒரே பெஞ்சில் மூன்று மொழி பேசும் பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் வீடுவீடாக ஏறி, ஒவ்வொரு குலத்தின் வம்ச வரிசையையும் கிழவர்கள் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தீர்களாம். உங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பையன்கூட ஏழு தலைமுறை தகப்பன்மார் பெயரை மூச்சு விடாமல் சொல்வானாம். "பெயர் இல்லாதவனுக்கு நேற்று இல்லை, நேற்று இல்லாதவனுக்கு நிலம் இல்லை" என்பது உங்கள் மலைப் பழமொழி. அதைப் புத்தகத் தமிழில், ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையைத் தட்டிச் சொல்வீர்கள்.

ஒருநாள் என்னை எழுப்பி நிறுத்தினீர்கள். தகப்பன் பெயர் கேட்டீர்கள், சொன்னேன். அப்போது நைனா உயிரோடு இருந்தார். அவருடைய தகப்பன் பெயர் என்ன என்றீர்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை கேட்டுவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "பாருங்கள், கிணற்றில் வாளி இறங்கியது. தண்ணீர் இல்லை" என்றீர்கள்.

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "ஏய், ஒங்க தாத்தாவுக்குப் பேரே வைக்கலியா? 'டேய்'னே கூப்ட்டு ஓட்டிட்டாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அவனை அடக்க உங்களிடம் பிரம்பு இருந்தது.

எங்கள் வீட்டில் செத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் அம்மா இடுகாட்டுக்குப் போய், ஒவ்வொருவர் தலைமாட்டிலும் அவருக்குப் பிடித்ததை வைத்து, உதடு மட்டும் அசையப் பெயர் சொல்லி அழைப்பாள். பக்கத்தில் காதை ஒட்டி நிற்கும் பெண்பிள்ளைக்கு மட்டும் கேட்கும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வகுப்பில் நடந்ததைச் சொல்லி அழுதபோது அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"பண்ணை மேஸ்திரி விடியறதுக்கு முன்னாடியே தெருமுனையில நின்னுக்கினு பேர் சொல்லிக் கத்துவான். பேரு காதுல வுழுந்தா எழுந்து ஓடணும். ஜொரமா இருந்தாலும் ஓடணும், புள்ள பெத்த ஒடம்பா இருந்தாலும் ஓடணும். செத்ததுக்கு அப்புறமாவது படுத்துக்கினு இருக்கட்டுமே. அதுக்குத்தான் பேர எடுக்கறதில்ல."

உங்களுக்கு இது தெரியாது என்று உங்களை விட்டுவிடலாம். ஆனால் தெரியும். மறுநாள் சாயந்திரம் நைனா கூலிவேலை முடிந்து சேற்றுக்காலோடு உங்கள் பங்களா வாசலில் வந்து நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"சாமி, பாப்பாவ அத்த கேக்காதீங்க. எங்களுக்கு எல்லார் பேரும் தெரியும். சொல்ல மாட்டோம். சொன்னா அவங்க எழுந்துக்குவாங்க."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "தெரிந்தால் சொல்வீர்கள். சொல்லாதது தெரியாதது. வரலாற்றில் அவ்வளவுதான்" என்றீர்கள். நைனா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "படிச்ச மனுசன்தான். இன்னா பண்றது" என்றார். அதற்கடுத்த வருஷம்தான் உங்கள் புத்தகம் அச்சாகி வந்தது.

பிறகு சண்டை மூண்டு உங்கள் நாடு உடைந்தது. இங்கே ஊருக்குள் எஸ்.டி.டி. பூத்துகள் வந்துகொண்டிருந்த காலம். ஆண்கள் ஒவ்வொருவராக மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் ரேடியோவை விட்டு நகரவில்லை. வகுப்புச் சுவரில் இருந்த படத்தில் எல்லைக்கோடுகளை ரப்பரால் அழித்து அழித்து வரைந்தீர்கள். உங்கள் ஊர்க் கோயில் எரிந்துபோனதாகவும், உங்கள் ஆட்கள் செத்துவிட்டதாகவும் பேச்சு வந்தது. அம்மா வேகவைத்த வேர்க்கடலையும் களியும் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள். "சாமி துன்னாரோ இல்லியோ. யாரு செத்தா, இன்னா பேருன்னு கேக்காத. குடுத்துட்டு வந்துடு" என்றாள்.

நான் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். தகப்பன், அவர் தகப்பன், அவருக்கும் தகப்பன் என்று ஏழு பெயர்களையும், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி அழுதீர்கள். எங்கள் ஊர் அன்று உங்கள் துக்கத்துக்குச் சோறு அனுப்பியது. அதற்குப் பிறகும் நாங்கள் முன்னோர் ஞாபகம் இல்லாதவர்கள் என்ற அந்த ஒரு வரியை நீங்கள் மாற்றவில்லை. புத்தகம் மறுபடி அச்சானபோது அட்டை மாறியது, உங்கள் புகைப்படம் மாறியது, வரி அப்படியே இருந்தது. நீங்கள் மறந்திருக்கலாம். அழித்து எழுத உங்களிடம் ரப்பர் இருந்தது, ஃபாதர்.

உங்களிடம் படித்ததால்தான் நான் சித்தூரில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். இத்தனை வருஷம் அந்தப் படத்தைச் சுமந்தது அதற்காகத்தான்.

நேற்று ஆபீசிலிருந்து வந்ததும் குவைத்திலிருக்கும் தம்பியிடம் பேசினேன். "பேர்தானே அக்கா, சொல்லிட்டாப் போவுது. நானே சொல்லுவேன், எனக்குத் தெரியாதே" என்றான். அவன் காதில் அம்மா சொன்னதில்லை. அம்மாவிடமும் பேசினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்து, "நெலம் போனா போவட்டும். பேர எடுக்காத. நைனா போயி இன்னும் ஒரு பொங்கல்கூட ஆவல" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அம்மா சொல்வதில் ஒன்று இடிக்கிறது. நிலம் போனால் அவர்கள் எங்கே படுப்பார்கள்? பொக்லைன் வந்தால் பெயர் சொல்லியா எழுப்பும்?

உங்கள் ஏழு பேரும் இன்றும் வரிசை மாறாமல் என் காதில் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட உங்கள் புத்தகத்தில் இல்லை. இந்த மடலில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். மரியாதைக்காக அல்ல. எங்கள் வீட்டு வழக்கம், செத்தவர் யாராக இருந்தாலும்.

அந்த வழக்கத்தை வியாழக்கிழமை முறிக்கப் போகிறேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. அன்று நீங்கள் நிறுத்திய மாதிரியே எழுந்து நின்று, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்புவேன். நீங்கள் கேட்ட பதில் கடைசியில் உங்களுக்கே கிடைக்கிறது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு முறை அவர்கள் எழுந்து வருவது பண்ணைக்கு இல்லை, தங்கள் சொந்த இடத்துக்கு.

நைனாவின் பெயர் வரும்போது மட்டும் குரலை இறக்கிக்கொள்வேன். அவர் இப்போதுதான் படுத்திருக்கிறார்.