பாட்டனார் வக்ஃபு செய்த வீடு

மொன்றியல், மார்ச் 2006

என் நானாவுக்கு ஸலாம்.

இங்கே இன்னும் பனி கரையவில்லை. பிள்ளைகள் சுகம்.

போன வெள்ளிக்கிழமை வில்லரே பள்ளிவாசலில் பினாங்கு மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். அவள் ஊரில் ஆதரவற்ற விதவைகளுக்கென்று நம் பாட்டனார் வக்ஃபு செய்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். "அது இப்ப ஹோட்டல் அக்கா, ரொம்ப அழகா மாத்திட்டாங்க" என்றாள்.

அதை நிர்வகிக்கும் முத்தவல்லி நீங்கள்தான். கூரையைப் பழுதுபார்ப்பதாகத்தான் என்னிடம் சொன்னீர்கள். அங்கிருந்த பெண்கள் எங்கே என்று கேட்டதும், என் மகளின் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

அந்த வீட்டிலிருந்த ஜுலைகா மாமியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது யாரோ ஒருவருடைய வீட்டுச் சமையலறையில் படுக்கிறார். உங்களைத் திட்டவில்லை. "ரெண்டு மாசத்துல திரும்பிடலாம்னு முத்தவல்லி சொன்னாரும்மா" என்றார். ஒரு வருடமாகத் துணி மூட்டையைப் பிரிக்கவே இல்லையாம்.

வக்ஃபுகளைக் கண்காணிக்கும் சமய மன்றத்திடம் நேற்று முறையிட்டுவிட்டேன். விசாரிக்க வருவார்கள். அவர்கள் வரும்போது மாமி அந்த வீட்டுக்குள் இருந்தால், தப்பாகச் சந்தேகப்பட்டேன் என்று உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன்.

கேட்கத்தான் ஆசைப்படுகிறேன், நானா.

உங்கள் தங்கை