கொக்கு மூக்குப் பை

மார்ச் 4, செவ்வாய்

இன்று மிட்டாய்க்காரர் சங்கக் கூட்டத்தில் எங்கள் பைக்குக் கேடயம் கொடுத்தார்கள். எங்கள் என்று எழுதிவிட்டேன், தப்பு. மாப்பிள்ளையின் பைக்குக் கொடுத்தார்கள்.

பிழி மிட்டாய் என்பது வேறொன்றுமில்லை, பாகு. கடைசிவரை கெட்டியாகாத சிவப்புப் பாகு. பிள்ளைகள் பையைப் பிழிந்து வாயில் விட்டுக்கொள்வார்கள். காய்ச்சுவது என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை. பாகு காய்ச்ச என்ன வேண்டும், அடுப்பு இருந்தால் போதும். ஆனால் பை? கசியக் கூடாது, வெடிக்கக் கூடாது, பிழிவதை நிறுத்தினால் நுனியில் நிற்கும் துளியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். அதற்காகக் கொக்கு மூக்கு மாதிரி வளைந்த வாய் வைத்தது யார் மூளை? என் மூளை. ஏரிக்கரையில் ஒரு கொக்கு மீனைக் கவ்விய நொடியில் எனக்கு உதித்தது.

சங்கத் தலைவர் கேட்கிறார்: "இந்த மூக்கு எப்படிங்க தோணிச்சு உங்களுக்கு?" நான் மாப்பிள்ளையின் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். மனிதர் கூசாமல் சொல்கிறார்: "ஒருநாள் பல்லு விளக்கிட்டு இருந்தேன். சட்டுனு தோணிச்சு."

பல்லு விளக்கினானாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.

மார்ச் 5, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு முறைதான் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரி சொன்னாள், "இங்க உக்காந்து பல்லக் கடிக்கிறதுக்கு, நேரா போய்க் கேட்டுருங்களேன்."

கேட்பதா? மாப்பிள்ளையிடமா? பெண் கொடுத்த வீடு. நான் ஒரு வார்த்தை கேட்டால் அது நூறு வார்த்தையாகத் தங்கச்சி தலையில் விழும். கேட்க மாட்டேன். கொடுப்பேன். வட்டியோடு கொடுப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் பாகு அண்டா, நடுவில் பையை நிரப்பி மூடும் மெஷின், மறு கோடியில் என் மேசை, தாள் சுருள், கத்தரிக்கோல். மெஷினை ஓட்டுவது தங்கை மகள், என் மருமகள். இருபத்தைந்து வயது. மெஷினைக் காதால் கேட்டே வைத்தியம் பார்க்கும் பெண். தாய்மாமன் ரத்தம் எங்கே போகும்?

ஆனால் வாய்க்கொழுப்பு.

"மாமா, எல்லார்ட்டயும் கொக்கு கொக்குன்னு சொல்றீங்களே. கத்தரிக்கோல் கோணலாப் போனதுதான அது? பக்கத்துல நான் இருந்தேனே."

"கத்தரிக்கோல் தானாப் போகாது கண்ணு. கை போகணும். கைக்கு மூளை சொல்லணும்."

"அப்பறம் ஏன் அந்தத் தாளக் கசக்கிப் போட்டீங்க? நான்தான எடுத்து நீவி வச்சேன்."

சின்னப் பெண்ணிடம் என்ன வாதம். பேச்சை மாற்றினேன். அப்போதுதான் சொன்னாள்: பதினெட்டாம் தேதி பெரிய கடைக்காரர் பை பார்க்க வருகிறார். ஊருக்கு ஊர் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பிடித்துவிட்டால் இரண்டாவது மெஷின் வாங்கலாம். "அது முழுக்க என் பொறுப்புன்னு அப்பா சொல்லிட்டாரு மாமா." சொல்லும்போது முகம் முழுக்கப் பல்.

பதினெட்டாம் தேதி. அது போதும் எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. இந்த மாதிரி யோசனையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் வராது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, மாப்பிள்ளையின் அப்பா தொடங்கியது. புதுப் பை வாங்க வருகிறவர், தட்டில் இருப்பதில் ஒன்றைத் தானே எடுத்து முக்காலியில் வைப்பார். அந்தப் பையை வகுத்தவன் அதன்மேல் உட்கார வேண்டும். பத்து எண்ணும்வரை எழக் கூடாது. "வாயால சொன்னா எவன் நம்புவான், உக்காந்து காட்டு" என்பார் அந்தப் பெரிய மனிதர்.

சரி, கொக்கு மூக்கை வகுத்தவர் யார்? ஊரறியச் சொல்லிக் கேடயம் வாங்கியவர்தானே. அவரே உட்காரட்டும்.

பாகு நிரப்பியதும் பையின் வாயைப் பசை போட்டு மூடுவதில்லை. சூடான இரண்டு இரும்புப் பட்டைகள் தாளை இரண்டு பக்கமும் கடிக்கும். உள்பக்கத்து பிளாஸ்டிக் தாள் உருகி ஒன்றோடொன்று ஒட்டும். அதுதான் சீல். அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பாகு இருந்தால் போதும், ஒட்டினது போலவே இருக்கும், ஒட்டியிருக்காது. கட்டை விரலால் அழுத்தினால் தாங்கும். ஆள் எடை ஏறினால் வாயைப் பிளக்கும். பாகுக்கும் சீலுக்கும் ஜென்மப் பகை.

ஒரு பையைக் கெடுத்தால் போதாது, கடைக்காரர் எதை எடுப்பாரோ. தட்டில் பன்னிரண்டு வைப்பார்கள். பன்னிரண்டையும் கெடுக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, கடைக்காரர் வர்ற அன்னைக்குப் போடணும்னு அவரு வெள்ளை பேண்ட் தைக்கக் குடுத்திருக்காரு."

கடவுள் இருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

பட்டறையில் ஒரு பையைக் கெடுத்து எடுத்துவந்து வீட்டில் ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்காரி கடைக்குப் போன நேரம். நானே உட்கார்ந்தேன். என்ன ஒரு வேகம்! தரை, சுவர், பூனை. ஜன்னலுக்கு வெளியே நடந்து போனவர் கூடத் திரும்பிப் பார்த்தார், அவர் சட்டையிலும் இரண்டு துளி பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரக் கொன்னீங்க?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியத் துடைச்சிட்டு உள்ள வாங்க."

மார்ச் 17, திங்கள்

முடித்தாயிற்று. மருமகள் சாப்பிடப் போன நேரத்தில் தீக்குச்சியால் பாகைத் தொட்டு, பன்னிரண்டு பைகளின் வாயிலும் இழுத்து, மெஷினில் கொடுத்து மூடினேன். பார்த்தால் மணப்பெண் மாதிரி இருக்கின்றன, ஒரு குறை சொல்ல முடியாது. கெடுப்பதிலும் என் கை சுத்தம்.

திரும்பி வந்தவள் தட்டைப் பார்த்து, "மாமா, நீங்களே போட்டுட்டீங்களா? எனக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு சதுரம் போட்டாள். இரண்டாவது மெஷின் நிற்க வேண்டிய இடமாம்.

வராவிட்டால் என்ன இப்போது? சைக்கிள் சாமான்களை வைத்தே நான் அவளுக்கு ஒரு மெஷின் செய்து கொடுப்பேன். இதைவிட நல்ல மெஷின். இன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைக்காரர் வந்தார். சிறிய மனிதர், அதிகம் பேசாதவர். மாப்பிள்ளை வெள்ளை பேண்டில் பால் மாதிரி நின்றார். நான் முக்காலிக்கு நேராக, நன்றாகப் பார்க்கிற மாதிரி இடம் பிடித்தேன். கடைக்காரர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்காலியில் வைத்தார்.

"வகுத்தவர் உக்காருங்க."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "ஐயா, ஒண்ணு சொல்லணும். சங்கக் கூட்டத்துல ஏதோ ஒரு வேகத்துல என் யோசனைன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து மனசு கேக்கல. இந்த மூக்கு என்னுது இல்ல. என் மச்சானுது." என் பக்கம் திரும்பினார். "வாங்க மச்சான். உக்காருங்க."

பதினான்கு நாள் இதைக் கேட்கத்தானே கொதித்தேன்? கேட்டேன். காதில் தேன். காலுக்குக் கீழே பூமி இல்லை.

நான் இல்லை, மாப்பிள்ளைதான் வகுத்தார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். தப்பித்திருப்பேன். வாய் வரவில்லை. கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்களா அது? எப்படித் தோணிச்சு?" என்கிறார். கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது மரியாதையா? கொக்கைச் சொன்னேன். மூன்று மீன் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் சொன்னேன். கொக்கு பறந்து போன பிறகும் முக்காலி அங்கேயேதான் இருந்தது.

பாதி உட்கார்ந்தேன்.

"நல்லா உக்காருங்க ஐயா" என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளைதான் எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலுக்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம், யாரோ நாக்கைத் தட்டுகிற மாதிரி. பிறகு குளிர்ச்சி. முழங்காலுக்குப் பின்பக்கம்வரை. முக்காலியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரைக்கு.

மாப்பிள்ளையின் வெள்ளை பேண்டில் ஒரு துளி கூடப் படவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கடைக்காரர் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தார். அதுவும் போயிற்று. "எல்லாமே இப்படித்தானா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுங்க. மெஷின் சூட்ட நான்தான் குறைச்சு வச்சேன். மச்சான் வகுத்ததுல ஒரு குறையும் இல்ல."

"மூக்கு நல்லாருக்கு. ஒழுகாமப் பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போய்விட்டார். மருமகள் தரையைத் துடைத்தாள். துடைக்கும்போது சாக்குக்கட்டிச் சதுரத்தில் ஒரு பக்கம் அழிந்துபோயிற்று.

மார்ச் 19, புதன்

என்ன மனுஷன் அவன். அவன் சூட்டைக் குறைக்கவே இல்லை. எனக்குத் தெரியும், நான்தானே செஞ்சேன். பொய் சொல்லி என் பழியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். முதல்ல மூக்கைத் திருடினான், இப்போ குற்றத்தையும் திருடிட்டான். எனக்குன்னு ஒண்ணு கூட விட்டு வைக்க மாட்டானா?

இன்னொன்றும் தோன்றுகிறது. வெள்ளை பேண்ட். பேண்ட் பாழாகிவிடுமோ என்று பயந்துதான் பெருந்தன்மையாக என்னைக் கூப்பிட்டானோ? மனசு கேக்கலையாம். பேண்ட் கேட்டிருக்காது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உங்களுக்கு யாரு நல்லது பண்ணாலும் சந்தேகம்தான்" என்றாள். அவளுக்கு நான் தீக்குச்சியைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது.

மருமகள் மீதிப் பைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக வாயைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்த இடத்தில் நாக்கை வைத்தாள்.

"மாமா, சீல் இனிக்குது."

"மெஷின் குழாய் சொட்டியிருக்கும்."

"குழாய் சொட்டினா ஒண்ணு ரெண்டு இனிக்கும்." அடுத்ததைப் பிரித்தாள், நக்கினாள், வைத்தாள். "எல்லாமே இனிக்குது."

என்னைப் பார்த்தாள். நான் தாள் சுருளைப் பார்த்தேன். தாள் சுருளில் பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளையாக இருந்தது. இன்றைக்குப் பட்டறையில் நான் ஒரு கதையும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

மருமகள் சீல் பட்டையைக் கழற்றி, அரம் வைத்து வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கிறாள். முன்பு வழவழவென்று இருந்த பட்டை. இப்போது கடிக்கும்போது நடுவில் பாகு இருந்தாலும், மேடு அதை நசுக்கிப் பள்ளம் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. காலைத் தூக்கிச் செருப்பின் அடியைக் காட்டினாள். "இதப் பாத்துதான் மாமா. வரி இருக்கறதாலதான ஈரத்துல வழுக்கல."

தட்டில் இருந்த பாகுக் கிண்ணத்தையும் ஒரு தீக்குச்சியையும் என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே தடவிக் குடுங்க. உங்களுக்குத்தான் கை சுத்தம்."

நான் தடவினேன். தாராளமாகத் தடவினேன். அவள் மூடினாள். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி தொம்மென்று உட்கார்ந்தேன். நான் மூன்று ஆள் கனம் என்று ஊரே சொல்லும். பிளக்கவில்லை.

"இப்ப யாரு என்ன பண்ணாலும் தாங்கும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைக்காரர் மறுபடி வந்தார். அதே முக்காலி. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். சீலில் விரலை ஓட்டி, அந்த வரிகளைத் தடவிப் பார்த்தார்.

"இது புதுசா இருக்கே. யாரு வகுத்தது?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவது கேட்டது. எனக்குத் தெரியும் அந்தச் செருமல். மறுபடி பெருந்தன்மை காட்டி என் பெயரைச் சொல்லப் போகிறார், அல்லது மறுபடி பல் விளக்கப் போகிறார். எதுவானால் என்ன, விடுவேனா? அவர் வாய் திறப்பதற்குள் சொன்னேன்: "என் மருமகள்."

மாப்பிள்ளை திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். இதைவிடப் பெரிய பழி இந்த ஜென்மத்தில் நான் வாங்கியதில்லை.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு தயக்கமும் இல்லாமல் உட்கார்ந்தாள். நான்தான் எண்ணினேன். நிதானமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு விட்டு. பத்தைத் தாண்டியும் எண்ணினேனாம், அவள் எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பை முழுசாகக் கிடந்தது. கடைக்காரர் அதையே எடுத்து, நுனியைக் கிள்ளி, குழந்தை மாதிரி வாயில் பிழிந்துகொண்டார். துளி உள்ளே போனதையும் பார்த்தார்.

"இந்த வரி எப்படிம்மா தோணிச்சு?"

அவள் செருப்பைக் காட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "கடற்கரையில நின்னுட்டு இருந்தேன் சார். அலை வந்து போனப்பறம் மணல்ல வரிவரியா இருந்துச்சு. பாத்ததும் சட்டுனு தோணிச்சு" என்றாள். கடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அந்தப் பெண் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை.