சோதனைக்கு எடுத்த படங்கள்

14.3.2010, ஞாயிறு

சாதா பேட்டரி போட்டால் பத்துப் பதினைந்து படத்திலேயே கேமரா செத்துவிடுகிறது. இதை செகண்ட் ஹேண்டில் விற்ற ராபர்ட் அண்ணனிடமே போய்க் கேட்டேன். சிதம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், என் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி. "சார்ஜ் பண்ற செல்லா நாலு வாங்கிக்கம்மா. ரெண்டு கேமராவுல இருக்கட்டும், ரெண்டு சார்ஜர்ல இருக்கட்டும்" என்றார். வாங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டும். கடை வாசலில் நாலு பேர் நின்றால் எனக்கு வாய் வருவதில்லை.

புது செல் போட்டு, அண்ணியைத் தோட்டத்துக் கதவுப் பக்கம் நிற்க வைத்துச் சோதித்தேன். இடுப்பில் குழந்தை செல்வி. "நான் இன்னா சாமி செலையாடி? நிக்க வெச்சிட்டு பின்னால பின்னால போய்க்கினே இருக்க?" படம் நன்றாகத்தான் வந்தது. பார்த்துவிட்டு அழித்தேன். சோதனைப் படம்தானே.

2.5.2010

டியூப் லைட்டில் எடுத்தால் எல்லாம் பச்சை அடிக்கிறது. அண்ணியின் மாம்பழ நிறப் புடவை பாசி மாதிரி வந்தது. கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். விஷயம் எளிதுதான். எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோமோ அதே வெளிச்சத்தில் முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்ட வேண்டும். இதுதான் வெள்ளை என்று தெரிந்துகொண்டால் மற்ற நிறங்களைக் கேமராவே சரி செய்துவிடும்.

அண்ணி பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "ஏய் எழிலு, இதுல ஒரு நம்பர் எழுதிட்டா போலீஸ் டேசன்ல திருடிய நிக்க வெச்ச மாதிரியே இருக்கும்டி. உங்கண்ணன ஜாமீனுக்கு வரச் சொல்லு."

வேலை முடிந்து வந்த அண்ணன், "ஆரம்பிச்சிட்டாளுங்களா ரெண்டு பேரும்? சோறு இருக்குதா, இல்ல அதையும் போட்டோ புடிச்சிட்டீங்களா?" என்றார்.

நிறம் சரியாக வந்தது. அழித்தேன். 512 எம்பி கார்டு, இடம் பத்தாது.

"அழிச்சிட்டியா?"

"ஆமாண்ணி."

"நல்லா அழி. நாளைக்குப் புதுசா வந்து நிக்கிறேன்."

22.8.2010, ஞாயிறு

சில்வர் பீச். சுண்டல் விற்கும் அம்மாவின் முகத்தை எடுக்கலாமா என்று கேட்கப் போனேன். சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கடற்காற்றில் லென்ஸ் மேல் உப்பு படிகிறது. துப்பட்டாவால் துடைக்கவே கூடாது, கீறும். முதலில் ஊத வேண்டும், பிறகு மெல்லிய பருத்தித் துணி. செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தைக் கேமரா பையில் போட்டு வைத்தால் ஈரம் இழுக்கும்.

9.1.2011, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடித்த அறையில் வெளிச்சம் எப்படி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம்போலத் தாள் பிடித்து, அதே மாம்பழ நிறப் புடவையில் நின்றார். திடீரென்று 'கார்டு எரர்'. அணைத்துப் போட்டேன், கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. படம் எதுவும் தெரியவில்லை. போன மாதப் பிச்சாவரம் படங்களை முன்பே சிடியில் ஏற்றியது நல்லதாயிற்று. நாளைக்கு 2 ஜிபி கார்டு வாங்க வேண்டும்.

பழையதைக் குப்பையில் போடப் போனேன். அண்ணி பிடுங்கிக்கொண்டார். "காசு குடுத்து வாங்குனதுடி. இருந்துட்டுப் போவுது." இந்த வீட்டில் எதுவுமே குப்பைக்குப் போவதில்லை.

17.7.2011, ஞாயிறு

அண்ணி இன்று கேட்டார். "எழிலு, இத்தினி எடுக்கிறியே, என்னுது ஒண்ணே ஒண்ணு பிரிண்டு போட்டுக் குடேன். மங்கலம்பேட்டைக்குப் போறப்ப எங்கம்மாவாண்ட குடுப்பேன்."

"நல்லதா ஒண்ணு வரட்டும் அண்ணி."

"ஏன், என் மூஞ்சி நல்லதா வரலையா?"

"வெளிச்சம்தான் சரியா அமையல."

8.11.2011

அண்ணி போய்விட்டார்.

காய்ச்சல் என்றுதான் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நடந்துதான் ஆட்டோவில் ஏறினார்.

10.11.2011

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன்கிட்ட நெறையா இருக்கும். நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு. பெருசு பண்ணி மாட்டணும்."

கார்டு முழுக்கத் தேடினேன். கோபுரம் இருக்கிறது, படகு இருக்கிறது, மழைத்துளி நிற்கிற செம்பருத்தி இருக்கிறது. செல்வி சிரிக்கிறாள், செல்வி அழுகிறாள். செல்வியைப் பிடித்திருக்கும் ஒரு கை. ஒரு தோள். ஒரு முதுகு. ஏற்றி வைத்த சிடிக்களிலும் அதே கதை. முகம் எங்கே? தினமும் அந்த முகத்தை வைத்துத்தானே வெளிச்சம் பார்த்தேன், தூரம் பார்த்தேன், எல்லாம் பார்த்தேன்— அதை வச்சே பாத்துட்டு அதையே அழிச்சிருக்கேனே.

அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"தெனமும் எடுத்தியே எழிலு... ஒண்ணு கூடவா?"

அதற்குத் திட்டியிருக்கலாம்.

23.11.2011

பதினாறாம் நாள் காரியம். கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். முகமெல்லாம் பவுடர், கண்ணில் கனத்த மை, நெற்றிச்சுட்டி. ஆறு வருடத்துக்கு முந்தைய யாரோ ஒரு பெண். "மாலை போட்டத எடுத்து வை, அவுங்கம்மாவுக்கு அனுப்பணும்" என்றார் அண்ணன். எடுத்தேன். நிறைய எடுத்தேன். ஆடிப்போனதை மட்டும் அழித்தேன்.

பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா செல்வியைத் தூக்கி, "அம்மாவக் கும்புடு" என்றார். குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

"இது அம்மா இல்ல."

5.12.2011

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராபர்ட் அண்ணனிடம் கார்டைக் கொண்டுபோய், அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். கேட்டேன்.

"எடுக்கலாம்மா. அழிச்ச ஒடனே படம் போயிடாது. அந்த எடத்துல வேற படம் வந்து உக்காந்தாதான் போவும். அழிச்சப்பறம் இந்தக் கார்டுல எதனா எடுத்தியா?"

"எடுத்தேண்ணா."

"ஜாஸ்தியா?"

கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெகுநேரம் தேடினார். வந்ததெல்லாம் காரியத்தன்று ஆடிப்போன படங்கள்தான். மாலை, குத்துவிளக்கு, மாலை.

அழித்த படம் வேண்டுமென்றால் அந்தக் கார்டில் அதன்பிறகு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். எழுதி வைக்கிறேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாலை போட்ட படத்தை எடுத்து எடுத்து, நானே அண்ணி மேல அடுக்கியிருக்கேன்.

2.1.2012

புயலில் கூரை ஷீட் போய்விட்டது. மூவரும் அமிர்தம் அக்கா வீட்டில் இருக்கிறோம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கேமராவைச் சம்படத்தில் போட்டு மூடியிருந்தேன், தப்பித்தது. மாட்டியிருந்த படம் விழுந்து கண்ணாடி உடைந்து நனைந்தது. ஆல்பமும் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அண்ணன் பிரிக்கப் பார்த்தார், முகம் உரிந்து வந்துவிட்டது. காய்ந்த பிறகு பிரிக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

18.3.2012

புதுக் கூரை போட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். கேமராவைத் தொட்டு மாதங்களாகின்றன. செல்லை மட்டும் கழற்றி வைத்தேன். உள்ளேயே கிடந்தால் கசியும்.

செல்வி இன்று அமிர்தம் அக்காவிடம், "எங்கம்மா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாளாம்.

10.6.2012, ஞாயிறு

செல்விக்கு எல்கேஜி யூனிபார்ம் வாங்கினோம். ஒரு பொத்தான் இல்லை. அண்ணியின் பொத்தான் டப்பாவைப் பாயில் கொட்டினேன். ஊக்கு, கொக்கி, உடைந்த வளையல் துண்டு, கலர் கலராகப் பொத்தான்கள், ஒரு கேமரா கார்டு.

512 எம்பி.

பொத்தான் தைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேமராவில் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. போடவில்லை. காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. இதுவும் இல்லையென்று ஆகிவிட்டால் இரண்டாவது தடவை எப்படிச் சொல்வேன்?

13.6.2012

ராபர்ட் அண்ணன் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொன்னார். ஆபீசில் இன்று என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

போனபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "நெறையா சாம்பலாத்தாம்மா வருது. பாதிப் படம், கால் படம். ஒண்ணு முழுசா இருக்குது. ஆனா கையில ஏதோ பேப்பர் புடிச்சிருக்காங்க."

அண்ணி திரையில் நின்றார். மாம்பழ நிறப் புடவை. நெஞ்சுக்கு நேரே வெள்ளைத் தாள். என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்து, சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்ட முகம். வெளிச்சம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"கழுத்து வரைக்கும் வெட்டிறலாம். இல்லேன்னா பேப்பர எடுத்துட்டு ஒரு பூங்கொத்து வெச்சிக் குடுக்கறேன். தெரியவே தெரியாது."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கடையில் அழவில்லை. பஸ்ஸில்தான்.

வெட்டாத பிரிண்டை அண்ணன் விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "பேப்பர் இருக்கட்டும். அப்பிடித்தான நிப்பா" என்றார். பிறகு சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

1.7.2012, ஞாயிறு

படம் மாட்டியாயிற்று. இன்னொரு பிரிண்டு மங்கலம்பேட்டைக்குப் போயிருக்கிறது. அண்ணி கேட்டது. நான் கொடுக்காதது.

செல்வி படத்தின் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா" என்று அவளாகவே சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அம்மா கையில இன்னா?"

"பேப்பர்டா."

"இன்னா எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல."

கொஞ்ச நேரம் காணவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சுவரோரம் நின்றாள். "அத்த, என்னியும் புடி."

செல் போட்டேன். எடுத்தேன். கண்ணை மூடிவிட்டாள். மூக்கு ஒழுகியிருக்கிறது. தாள் கோணல், வெளிச்சமும் போதவில்லை.

அழிக்கவில்லை. கார்டு நிறையப் போகிறது. நாளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.