திரைக்குப் பின்னால் இரண்டாவது கீபோர்டு

6 ஜனவரி 2004, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். இந்த வளைகுடா ஊரில், எங்கள் குதைபியாவில் நாலு சொட்டு விழுந்தாலே தெருவெல்லாம் குளம். பள்ளி வேன் வரவில்லை. மகள் நான்சியை டாக்ஸியில் கொண்டுபோய் விட்டேன்.

பொங்கல் நிகழ்ச்சிக்குப் பதினான்கு பாட்டு. ஒன்பதுக்குத் தாளமும் இடையிசையும் போட்டாயிற்று. மீதி ஐந்து. டூயட் இரண்டும் தலைவலி. கீபோர்டை அணைத்தால் உள்ளே ஏற்றியதெல்லாம் அழிந்துபோகும். போன வாரம் அதை மறந்து அரை நாள் உழைப்பு வீண். இனிமேல் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஃப்ளாப்பியில் பதிவு. நீல பிஸ்கட் டின்னில் பிஸ்கட் கிடையாது, ஃப்ளாப்பிதான்.

மூன்று வருடமாக இந்த இசைக் குழுவுக்கு எல்லாம் போட்டுக் கொடுப்பது நான். மேடையில் வாசிப்பது ரவி. நோட்டீசில் 'இசை: தனபால்'. குழுவை நடத்துவது அவர், ஆண் குரலும் அவர். போதாததற்கு என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்களுக்கு ஃபேமிலி விசா கிடைத்ததே அவர் சொல்லித்தான். அதை மாதம் ஒரு முறையாவது இவர் எனக்கு நினைவுபடுத்திவிடுவார்.

வாங்க: பால் பவுடர், நான்சிக்கு வெள்ளை சாக்ஸ், ஃப்ளாப்பி ஒரு பெட்டி.

9, வெள்ளி

தனபால் அண்ணன் வீட்டில் ரிகர்சல். சென்னையிலிருந்து பாடகி வந்திருக்கிறாள், வித்யா. இருபத்திரண்டு வயது. விசிட் விசா. நல்ல குரல், ஆனால் பயண அலுப்பில் தொண்டை கட்டியிருக்கிறது. தன் தனிப்பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கித் தர முடியுமா என்று கேட்டாள். தப்பா?

"லேடீஸ் வாய்ஸ்னா கீச்சுன்னு மேல போகணும்மா. அப்பதான் விசிலடிப்பான். நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் தனபால் அண்ணன். அவருக்குச் சளி பிடித்தபோது இரண்டு மாதம் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கினோம். அப்போது யாரையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லவில்லை.

அவள் பாஸ்போர்ட்டும் அவரிடம்தானாம். பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருக்கிறாராம்.

11, ஞாயிறு

காற்று. துணி ஒன்று பக்கத்து மாடிக்குப் பறந்துவிட்டது.

ரவி போன் செய்தான். அவன் கம்பெனி இன்றைக்கே ஜுபைலுக்கு அனுப்புகிறது. பிளாண்ட் ஷட்டவுன், மிஷினையெல்லாம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள், இருபது நாள் வேலை. "நிகழ்ச்சிக்கு என்னக்கா பண்ணுவீங்க?" என்றான். சொல்லும்போதே அவனுக்கும் விடை தெரியும். எனக்கும்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன், நான் வாசிக்கிறேன் என்று. செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார். தனபாலிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஊரில் சர்ச்சில் பன்னிரண்டு வருடம் ஆர்கன் வாசித்தவள் நான். கல்யாணம், அடக்கம், கிறிஸ்துமஸ், எல்லாம். யாரையும் கேட்டுப் பார்த்ததில்லை.

பீரோவைத் திறந்து நீலப் பட்டு, பச்சை இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். சிரிப்பாக இருக்கிறது. நீலம்.

12, திங்கள்

தனபால் அண்ணன் வந்தார். முறுக்கு, டீ. அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன் என்பதால்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பொம்பளை பாட நின்னா அழகு. வாசிக்க நின்னா, ஆம்பளை ஒருத்தனும் கிடைக்கலியான்னு கேப்பாங்க."

ஆகவே ஏற்பாடு இது. மேடைக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் ஒரு கீபோர்டு, நான். முன்னால் இன்னொரு கீபோர்டு, அதற்கு ஒயர் கிடையாது. அதில் செல்வம் நின்று கையை ஆட்டுவான். செல்வம் ஏ.சி. மெக்கானிக். கிராப்பு அழகாக இருக்கும்.

"கலாஸ், பிரச்சினை முடிஞ்சுது" என்று இரண்டாவது முறுக்கை எடுத்தார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் டீக்குச் சர்க்கரை போதுமா என்று அவரைக் கேட்டார்.

ராத்திரி சண்டை. "வாசிக்கிறது நீதானே, எங்க உக்காந்தா என்ன" என்கிறார். அப்படியானால் நீங்களும் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பாருங்கள் என்றேன். ஆனால் மறுக்கவில்லை நான். விசா.

14, புதன்

செல்வத்துக்குப் பாடம். இப்படி ஒரு பாடத்தை உலகத்தில் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். எந்த இடத்தில் வலது கை மேலே போகும், எங்கே தலையை ஆட்டலாம்.

"எனக்கே கூச்சமா இருக்குக்கா. மன்னிச்சுக்கங்க" என்றான். அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் தனபால் அண்ணனிடம் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கும்.

வித்யாவுக்குத் தொண்டை இன்னும் சரியில்லை. வெந்நீர், மிளகு. யாரும் பார்க்காதபோது அவளிடம் மெதுவாகச் சொன்னேன், மேடையில் அரைக் கட்டை இறக்கியே வாசிக்கிறேன் என்று. ஒரு பொத்தான்தான். திரைக்குப் பின்னால் இருப்பதில் இந்த ஒரு லாபம்.

16, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

ஆறரைக்குத் தொடக்கம். அரங்கம் நிறைந்துவிட்டது. நீலப் பட்டுதான் கட்டினேன், ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் பார்க்கட்டும் என்று. திரை இடுக்கில் செல்வத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. நான்கு பாட்டு ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வித்யாவின் தனிப்பாட்டு. அரைக் கட்டை இறக்கினேன். குரல் தேன். தனபால் அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் காலத்தில் தெரிந்திருக்கிறது?

இரண்டாவது இடையிசை, கீபோர்டில் வயலின் துடிப்பாக ஓடும் இடம். ஸ்பான்சர் நகைக்கடை முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். பார்த்ததும் செல்வம் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டான். வயலின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அரங்கத்தில் சிரிப்பு. "டேய், கையை எடுத்துட்டான், பாட்டு நிக்கலையே" என்று பின்வரிசையில் ஒருவன்.

எனக்குப் பயமில்லை. தனபால் அண்ணன் இப்போது உண்மையைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிடுவார் என்ற ஆசை. வெட்கமில்லாத ஆசை.

அவர் மைக்கைப் பிடுங்கினார். "லேட்டஸ்ட் மாடல் மிஷினுங்க. ஆளே வேண்டாம், தானா வாசிக்கும்."

கைதட்டல். மிஷினுக்கு.

கையை எடுத்துவிடலாம் என்று இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் நடுமேடையில் மாட்டிக்கொள்வது வித்யா. கடைசிப் பாட்டு வரை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தேன். அவள் மட்டும் ஒரு தடவை திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

செல்வத்துக்குப் பொன்னாடை. காரில் இவர், "தனபால் நல்லா சமாளிச்சார்ல" என்றார்.

17, சனி

தலைவலி. இரண்டு மாத்திரை.

நான்சிக்குத் தலை பின்னும்போது அவளாகவே சொன்னாள். அந்த அங்கிள் மிஷின் என்று சொன்னபோது எழுந்து நின்று, "நோ, இட்ஸ் மம்மி!" என்று கத்தினாளாம். "டாடி க்ளோஸ்டு மை மௌத்." கையை வாயில் வைத்துக் காட்டினாள், எப்படிப் பொத்தினார் என்று.

எட்டு வயது. பின்னல் கோணலாகிவிட்டது. அவிழ்த்து மறுபடி போட்டேன்.

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். அதைக் காதால் வேறு கேட்க வேண்டாம்.

19, திங்கள்

வெயில் நன்றாக அடித்தது. வித்யா காலை விமானத்தில் போய்விட்டாள். பாஸ்போர்ட்டை விமான நிலையத்தில்தான் கொடுத்தாராம்.

வியாழக்கிழமை மஸ்கட்டில் ரூவியில் அடுத்த நிகழ்ச்சி. அங்கே உள்ளூர்க்காரர் ஒருவர் வாசிப்பாராம், நான் வரவேண்டியதில்லை. செல்வமும் இன்னொருவரும் கீபோர்டை எடுக்க வந்தார்கள். கீபோர்டு தனபால் அண்ணன் வாங்கியது. தாராளமாகக் கொண்டுபோகட்டும். தூசி துடைத்து, உறை போட்டு, ஒயரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன்.

அவர்கள் ஃப்ளாப்பியைக் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. டின் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

22, வியாழன்

மீன் குழம்பு கொதிக்கும்போது போன். ரூவியிலிருந்து தனபால் அண்ணன். பின்னால் யாரோ மைக் டெஸ்ட் செய்யும் சத்தம்.

"சிஸ்டர், நம்ம பாட்டு ஒண்ணுமே காணோம். எதைத் தட்டினாலும் வெள்ளைக்காரன் தாளமா வருது. ஏழு மணிக்கு ப்ரோக்ராம். என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணா. தானா வாசிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

போனை நான்தான் வைத்தேன்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. நான்சி பள்ளியிலிருந்து வந்து மூக்கைப் பொத்துகிறாள். மறுபடி போன் அடிக்கிறது. இந்தத் தடவை ஆபீசிலிருந்து இவராகத்தான் இருக்கும்.