நாத்தனார் கொடுத்த கிருமிகள்

மார்ச் 4, புதன்

ஜெயித்துவிட்டேன். துறைமுகத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை பஸ்ஸை ஓட்டிப் போய், அங்கிருந்து திரும்பியும் வந்தேன். எங்கேயும் இறங்கவில்லை. பாதி வழியில் அந்தப் பெட்ரோல் பங்க் கழிப்பறையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அதுதான் இரண்டாவது வீடு. ஹாரன் அடித்து விடை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். கண்டக்டர், "யாருக்கு அடிக்கிறீங்க?" என்றார்.

பல்லில் சீழ் வைத்ததற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை பல்லைக் காப்பாற்றிவிட்டு வயிற்றைக் கவிழ்த்தது. ஓயாத பேதி. அதற்கொரு மருந்து கொடுத்தார்கள், நின்றது. பிறகு மறுபடி வந்தது. மறுபடி மருந்து. அது முடிந்து ஒரு வாரமாகிறது. போதும். ஒழிந்தது சனியன்.

மார்ச் 12, வியாழன்

ஒழியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று எழுதத் தெம்பில்லை. வண்டி நிறைய ஆட்கள். பாதி வழியில் வயிறு முறுக்கியது. பங்க்கில் நிறுத்திவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லார் கண்ணும் என்மேல், அதுதான் தாங்கவில்லை. முன் சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

டிப்போ மேலாளர் நல்ல மனுஷர்தான். தரையைப் பார்த்தபடி பேசினார். "உடம்பப் பாத்துக்கங்கம்மா. சரியாகலன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்காரலாம். அங்க பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு."

கவுண்டரா? நானா? இந்த டிப்போவுல முதல்முதலா ஸ்டியரிங் புடிச்ச பொம்பளை நான். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார மாட்டேன். முடியவே முடியாது.

மார்ச் 16, திங்கள்

நானும் வீட்டுக்காரரும் வயிற்று டாக்டரம்மாவைப் பார்த்தோம். படம் போட்டுப் புரியவைத்தார். என் குடலுக்குள் கோடானுகோடி கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றனவாம். பெரும்பாலானவை நல்லவை, செரிக்க உதவும், கெட்டவை நுழையாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பல்லுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரை நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு போக்கிரி வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு நீளமாக ஒரு பெயர். சுருக்கமாக 'சி டிஃப்'.

"மருந்து குடுத்தா சாகுதே, அப்புறம் எப்படி டாக்டர் திரும்ப வருது?"

"அது விதை மாதிரி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும். மருந்து முடிஞ்சதும் முளைக்கும். அப்ப எதிர்த்து நிக்க உங்க ஆளுங்க அங்க இருக்க மாட்டாங்க."

அந்த ஓட்டைச் சானிடைசர் ஒன்றும் செய்யாதாம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும். இத்தனை நாளாக வாசலுக்கு வாசல் சானிடைசர் பாட்டில் வைத்துக் காவல் காத்த என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

மார்ச் 19, வியாழன்

விடுப்பில் வேறென்ன வேலை? எதிரி யாரென்று தெரிந்துகொள்ளலாம் என்று நூலகத்திலிருந்து நுண்ணுயிரியல் பாடப்புத்தகம் ஒன்று எடுத்து வந்தேன். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கானது. பாதி புரிகிறது. புரிகிற பாதியைக் கீழே வைக்க முடியவில்லை.

முதன்முதலில் இதுகளைப் பார்த்தவர்களில் ஒருவர் துணி வியாபாரியாம். தானே தேய்த்துச் செய்த கண்ணாடிச் சில்லு வழியாகத் தன் பல் அழுக்கைப் பார்த்தாராம். உள்ளே குட்டிக் குட்டியாக ஏதோ நீந்துகிறது! எனக்கும் எல்லாம் பல்லில்தான் ஆரம்பித்தது.

பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள் என்று சக டாக்டர்களிடம் கெஞ்சிய இன்னொருவரும் இருக்கிறார். அவர் வார்டில் தாய்மார்கள் சாவது அவ்வளவு குறைந்தும், பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் இரண்டு பெற்றவள். இருவரையும் கழுவிய கைகள்தான் வாங்கின. அந்த மனிதருக்கு யார் நன்றி சொன்னது?

மார்ச் 24, செவ்வாய்

டாக்டரம்மா இன்று சொன்னதை எப்படி எழுதுவது? எழுதிவிடுகிறேன். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைச் சுத்தமாகக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக என் குடலுக்குள் செலுத்துவார்களாம். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே குடியேறிப் போக்கிரியைத் துரத்திவிடும். பெரும்பாலானவர்களுக்குப் பலிக்கிறதாம்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டர், விளையாடுறீங்களா?"

"சீனாவுல ஒரு வைத்தியர் இதை நாலாம் நூற்றாண்டுலயே செஞ்சிருக்காரு. அவர் குடிக்கவே குடுத்தாரு. நாங்க பரவாயில்லை."

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன், பயமில்லாமலும் சிரித்தேன். "எப்ப பண்ணலாம்?" என்று கேட்டது என் குரல்தான்.

மார்ச் 27, வெள்ளி

கொடுக்க ஆள் வேண்டுமே. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, தள்ளிவிட்டார்கள். மகள் தொண்டை வலிக்கென்று போன மாதம்தான் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறாள், அவளும் ஆகாது. மகன் கப்பல் வேலையில், கடலில்.

"சொந்தத்துல நல்ல ஆரோக்கியமா வேற யாரும் இல்லையா?" என்றார் டாக்டரம்மா. நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தோம். இருவர் மனதிலும் ஒரே முகம். அவருடைய தங்கை. சலவைக்கடை வைத்திருக்கிறாள். மருந்துக்கடை எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் மாமனார் பிறந்தநாள் விருந்தில், "அண்ணி பஸ்ஸப் பாத்துக்கிற அளவுக்கு வீட்டப் பாத்திருந்தா" என்று எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாளே, அன்றோடு பேச்சு நின்றது. வருஷமாகப் போகிறது.

அவகிட்ட போய் இதையா கேப்பேன்? கவுண்டர்லயே உக்காந்துக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறார். காலையில் கதவைத் திறந்தால் நாத்தனார் நிற்கிறாள். கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக.

"ஏன் அண்ணி, நீங்க கேக்க மாட்டீங்களா?"

"பேசாம இருந்துட்டு, வாயத் தொறந்ததும் இதக் கேக்கச் சொல்றியா?"

"கிட்னியா கேட்டீங்க? தினமும் காலையில நான் சும்மா தண்ணி ஊத்தி விடுறதுதானே!"

மகளுக்குக் காபி புரையேறிவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே ஓடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். கொஞ்சம் அடங்கியதும் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னைக்கு நான் பேசினது அதிகம்."

"அதிகம்தான்."

"சரி. டெஸ்ட் எப்போ?"

ஏப்ரல் 9, வியாழன்

ரத்தம், மலம் எல்லாம் சோதித்துவிட்டார்கள். குறையே இல்லையாம். நாத்தனாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நான் பாஸ் பண்ணின ஒரே பரீட்சை இதுதான்" என்று சலவைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். எதில் பாஸ் என்று கேட்டால் விளக்கமும் கொடுக்கிறாளாம். கடவுளே.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாளை. பயமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. இதுவும் பலிக்காவிட்டால்?

ஏப்ரல் 15, புதன்

முடிந்தது. மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் உள்ளே போயிருந்தது. நாத்தனார் கட்டிலருகே உட்கார்ந்து என் வயிற்றைப் பார்த்து, "டேய், நல்லா வேலை செய்யுங்கடா. மானத்த வாங்கிடாதீங்க" என்றாள். நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டாள்.

ஏப்ரல் 18, சனி

கெட்டியாக!!

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும்! வீட்டுக்காரர் சத்தம் போட்டுத் தங்கைக்குப் போனில் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ பிள்ளை பிறந்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

மே 11, திங்கள்

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலாளர் சாவியை மேஜைமேல் வைக்காமல் எழுந்து வந்து கையில் கொடுத்தார். இன்ஜின் உறுமியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வண்டி! பாலத்தில் ஏறும்போது காற்று முகத்தில் அறைந்தது. ஒரு சந்தேகமும் இல்லாமல் ஓட்டினேன்; வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்து ஓட்டினேன். ஆரோக்கியம் என்பது இந்த மறதிதானோ?

மதியம் ஓய்வறையில் சக ஓட்டுநர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஜலதோஷத்துக்குத் தானாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறவன் ஒருவன் அதில் உண்டு. ஜலதோஷம் வைரஸ், அந்த மாத்திரை அதன் மயிரைக்கூடப் பிடுங்காது, உள்ளே இருக்கும் நல்லதுகளைத்தான் கொல்லும் என்று பிடிபிடியென்று பிடித்தேன். "பஸ் ஓட்ட வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?" என்றான். இரண்டும்தான்.

ஜூன் 15, திங்கள்

சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். இனி அது திரும்ப வருவது அபூர்வம் என்றார் டாக்டரம்மா. கைகுலுக்கினார். பிறகு, "உங்க நாத்தனார் கிட்ட ஒரு விஷயம் பேசணுமே" என்றார்.

ஜூன் 28, ஞாயிறு

எனக்கு விடுமுறை. நாத்தனாரை மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், மெலிந்து போயிருந்தார், கழிப்பறைக் கதவைப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"உள்ள யாரும்மா?"

"என் நாத்தனாருங்க."

"ஐயோ பாவம். அவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்க," என்றேன். "அதனாலதான் கூப்பிட்டிருக்காங்க."